இடுப்பில் ஐந்து, பையில் மீதி

2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாற்றுத் தண்ணீர் ஜாபர்கான்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் ஏறியது. வாசற்படி நனைந்ததுமே மகளைத் தோளில் போட்டுக்கொண்டேன். ரேஷன் கார்டும் பத்திரங்களும் இருந்த கவரை மனைவி எடுத்துக்கொண்டாள். மொட்டை மாடிக்குப் போய்விட்டோம். கட்டிலுக்கு அடியில் கிடந்த டூல்ஸ் பை எனக்கு ஞாபகம் வந்தது மாடியில் ஏறி நின்ற பிறகுதான். இறங்கப் போனேன். மனைவி சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அதற்குள் தண்ணீர் ஜன்னல் வரைக்கும் வந்திருந்தது.

வடிந்து, வீட்டுக்குள் கால் வைக்க நான்கு நாள் ஆயிற்று. பையை வாசலில் கவிழ்த்துக் கொட்டினேன். சேற்றைக் கழுவி, பேப்பர் விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பதினான்கு வருடம் சேர்த்தது, முப்பத்தேழு உருப்படி இருந்தது. மல்டிமீட்டர் போய்விட்டது. டிரில்லிங் மிஷினை காயில் கட்டுகிற கடைக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்க்ரூ டிரைவர்களின் கம்பியெல்லாம் துரு பூக்க ஆரம்பித்திருந்தது.

அந்த வாரம் எங்கள் பக்கம் எலக்ட்ரீசியனுக்கு இருந்த தேவையைச் சொல்லி மாளாது. தரைத்தள வீடுகளில் மீட்டர் போர்டே தண்ணீருக்குள் நின்று எழுந்திருக்கிறது. தெருவில் யாரைப் பார்த்தாலும், “தம்பி, மெயினைப் போடலாமா? தொடலாமா? கொஞ்சம் வந்து பாரேன்” என்கிறார்கள். தொழில் தெரியும், கையில் கருவி இல்லை. மச்சானிடம் இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு பாரிமுனைக்குப் போனேன், கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்கு.

அங்கே கடை வாசலில் நின்றபோது, எதை வாங்குவது என்று நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது: எட்டு இஞ்ச் கட்டிங் பிளேயர் ஒன்று, டெஸ்டர் ஒன்று, பட்டை டிரைவர் ஒன்று, ஸ்டார் டிரைவர் ஒன்று, இன்சுலேஷன் டேப் நான்கு. பல்பை எரியவைத்துக் கரண்ட் பார்க்கிற டெஸ்ட் லேம்ப்புக்கு ஒரு ஹோல்டர், மூன்று மீட்டர் வயர். அவ்வளவுதான். முப்பத்தேழில் மற்றதெல்லாம் எங்கே போயிற்று? அந்தக் கேள்வி எனக்கு இன்னும் உதவுகிறது. என்னிடம் வேலைக்கு வருகிற பையன்கள் முதல் சம்பளம் வாங்கியதும் “அண்ணா, என்ன டூல்ஸ் வாங்கட்டும்?” என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் முதல் வாரமே ஒரு விஷயம் சொன்னார். “டேய், கரண்ட் இல்லாத வீட்டுக்குத்தான் நம்மளக் கூப்பிடுவாங்க. வெளிச்சம் இருக்கும்னு நம்பிப் பையை அடுக்காத.” தச்சருக்கோ கொத்தனாருக்கோ இந்தக் கஷ்டம் இல்லை. நாங்கள் போய் நிற்கிற இடமே இருட்டு. மெயினை நிறுத்தினால் இன்னும் இருட்டு. ஒரு கையில் வயர் இருக்கும், வாயில் டேப் துண்டு இருக்கும், ஏணி ஆடும். அந்த நேரத்தில் பிளேயர் எங்கே என்று தேடுகிறவன் தடுமாறுவான். அதனால் ஒரு கருவியை வாங்கும்போதே, கண்ணை மூடிக்கொண்டு இதை என்னால் எடுக்க முடியுமா, எடுத்ததும் இது இன்னதென்று கைக்குத் தெரியுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பிளேயரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நம் ஊரில் பாதிப் பேர் கையில் இருப்பது தபாரியா. நாசிக்கில் ஆலை, 1969-லிருந்து வருகிறது. நானும் அதுதான் வைத்திருக்கிறேன். ஆனால் கம்பெனி பெயரைப் பார்த்து மட்டும் எடுக்காதீர்கள். கடையில் நான்கைந்தைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக மூடி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெட்டுகிற இடத்தில் கோடாகக்கூட வெளிச்சம் கசியக் கூடாது. கசிந்தால் அது மெல்லிய ஃபிளெக்சிபிள் வயரில் இரண்டு இழையை விட்டுவிட்டுத்தான் வெட்டும். அப்புறம், திறந்து மூடிப் பாருங்கள். புதியது கொஞ்சம் இறுக்கமாக இருப்பது தப்பில்லை. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு வாரம் பழகினால் ஒரே கையால் விரித்து மூடலாம். ஆனால் தாடை பக்கவாட்டில் ஆடினால் வேண்டாம், அது சரியாகவே ஆகாது.

பிடியில் இருக்கும் உறை அடுத்த விஷயம். சிவப்பாக, தடியாக ஒன்று மாட்டியிருந்தால் கரண்ட் தாங்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். வெறும் பிடிமானத்துக்குப் போட்ட உறையும் பார்க்க அப்படித்தான் இருக்கும். கரண்ட் ஓடுகிற லைனில் வேலை செய்வதற்கென்றே செய்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும், பக்கத்தில் 1000 வோல்ட் என்றும் பொறித்திருக்கும். அப்படிப்பட்டவற்றை 10,000 வோல்ட்டில் சோதித்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது சர்வதேசத் தரம். சிலவற்றில் உறை இரண்டு நிறத்தில் இரண்டு அடுக்காக வரும். மேல் அடுக்கு தேய்ந்து உள் நிறம் தெரிய ஆரம்பித்தால் மாற்றிவிட வேண்டியதுதான். விலை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். முதல் சம்பளத்தில் முடியாது என்றால் பரவாயில்லை, மூன்றாவது சம்பளத்தில் வாங்குங்கள். அதுவரைக்கும் மெயினை நிறுத்தாமல் எதையும் தொடாதீர்கள். வாங்கிய பிறகும் நிறுத்திவிட்டே தொடுங்கள். வியர்வையில் உறை வழுக்கிக் கழன்று வருகிற பிளேயரை மட்டும் டேப் சுற்றி ஓட்டவே ஓட்டாதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் டேப்புக்கு அடியில் ஈரம் தங்கும்.

வெள்ளத்தில் கிடந்து எடுத்த என் பழைய பிளேயர் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதன் வெட்டுமுனையில், நடுவில், மிளகு அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை. தொழிலில் இருப்பவர்கள் பார்த்ததுமே புரிந்துகொள்வார்கள். 2004-இல் மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீடு. மாடியும் கீழும் ஒரே சொந்தக்காரருடையது, மீட்டர் இரண்டு. “மெயினை நிறுத்திட்டேன் தம்பி” என்றார் பெரியவர். நிறுத்தியிருந்தார், கீழ் வீட்டு மெயினை. நான் வெட்டப்போன இரட்டை வயர் மாடி மீட்டரிலிருந்து இறங்கி வந்தது. உள்ளே இருக்கும் இரண்டு கோரையும் (தனித்தனி வயர்) சேர்த்து ஒரே பிடியில் அழுத்தினேன். பட்டென்று ஒரு சத்தம், வெள்ளையாக ஒரு வெளிச்சம். அதற்கப்புறம் ஒரு நிமிடத்துக்குக் கண்ணில் பச்சை வட்டம்தான் தெரிந்தது. கையில் ஒன்றும் ஆகவில்லை. பிளேயரின் எஃகு உருகி அந்த இடத்தில் ஓட்டையாகிவிட்டது. பெரியவர் மேல் தப்பே இல்லை. டெஸ்டர் என் பாக்கெட்டிலேயே இருந்தது, நான் வைத்துப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு, செத்த வயர் என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் இரண்டு கோரை ஒன்றாக வெட்டுவதில்லை. ஒன்றை வெட்டி, மடக்கி, அப்புறம் மற்றதை.

டெஸ்டர் விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பையிலேயே மலிவான கருவி அதுதான், உயிரை ஒப்படைப்பதும் அதனிடம்தான். அதற்குள் ஒரு சின்ன நியான் பல்பு, ஒரு ரெசிஸ்டர், ஒரு ஸ்பிரிங் இருக்கும். தலையில் விரல் வைத்ததும் உங்கள் உடம்பு வழியாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாகக் கரண்ட் ஓடித்தான் அது எரிகிறது. அந்த ரெசிஸ்டர்தான் காவல். வெள்ளத்தில் கிடந்த டெஸ்டரைக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான். பிடுங்கி உடைத்துப் போட்டேன். உள்ளே சேறும் ஈரமும் இருந்தால் ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு கரண்ட் நேராக விரலுக்கு வந்துவிடும்.

எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று அர்த்தமில்லை. பல்பு போயிருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். வெயிலில் மொட்டை மாடியில் நின்றால் எரிவதே கண்ணுக்குத் தெரியாது. அதனால் முதலில் கரண்ட் இருப்பது தெரிந்த ஒரு பிளக்கில் வைத்து எரிகிறதா பாருங்கள். அப்புறம் வேலை செய்யும் இடத்தில் பாருங்கள். திரும்ப வந்து அந்தப் பிளக்கில் இன்னொரு தரம் பாருங்கள். மூன்று தரம். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் இதை விடவே கூடாது, மெயினை நிறுத்திய பிறகும் அந்த லைன் உயிரோடு இருக்கும்.

எரிகிறது என்றால் எல்லாம் சரி என்றும் அர்த்தமில்லை. இதற்குத்தான் டெஸ்ட் லேம்ப். வீட்டுக்காரர் போன் செய்து, “பிளக்கில் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியுது, ஆனா ஒண்ணும் ஓட மாட்டேங்குது” என்பார். புதுப் பையன்கள் இரண்டு ஃபேஸ் (கரண்ட் வருகிற வயர்) வந்துவிட்டது என்று பயந்துவிடுவார்கள். பெரும்பாலும் எங்கோ நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) அறுந்திருக்கும். ஆன் செய்து வைத்த விளக்கு வழியாகவோ ஃபேன் வழியாகவோ ஃபேஸ் சுற்றிக்கொண்டு நியூட்ரல் பக்கமும் வந்து நிற்கும். டெஸ்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. டெஸ்ட் லேம்ப்பின் இரண்டு முனையையும் இரண்டு ஓட்டையிலும் வைத்தால் அது எரியாது. நியூட்ரல் இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

என் டெஸ்ட் லேம்ப்பில் பழைய ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டிருக்கிறேன். பெயர்தான் ஜீரோ, 15 வாட் வரை எடுக்கும். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. பக்கத்து வயரிலிருந்து தூண்டி வருகிற கரண்டுக்கே மினுக்மினுக்கென்று எரிந்து ஏமாற்றும். இன்னொன்றும் கவனியுங்கள். கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாக விழுந்து லைனை நிறுத்துகிற சுவிட்ச், அதாவது ஆர்.சி.சி.பி., உள்ள வீட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் இந்த லேம்ப்பை வைத்தால் அறுபது மில்லி ஆம்பியருக்கு மேல் எர்த்துக்குப் போகும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உடனே விழுந்துவிட வேண்டும். விழுந்தால் நல்லது, எர்த்தும் இருக்கிறது, அதுவும் வேலை செய்கிறது. விழாமல், லேம்ப்பும் எரியாமல் இருந்தால் உடனே எடுத்துவிட்டு எர்த் வயரைத் தேடுங்கள். இதைச் செய்யும்போது வீட்டில் யாரும் ஃபிரிட்ஜையோ கிரைண்டரையோ தொட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. எர்த் அறுந்திருந்தால் அந்த நொடியில் அதன் உடம்பெல்லாம் கரண்ட் வரும்.

அந்த டிசம்பரில் டெஸ்ட் லேம்ப்பும், வயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கிற இரவல் மெகரும் வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன். போர்டைக் கழற்றி, சுவிட்சுகளை எடுத்து, பெட்டியையும் பைப்பையும் துடைத்து, காயவிட்டு, 500 வோல்ட் மெகரில் ஒரு மெக் ஓமுக்குக் கீழே காட்டினால் இணைப்புக் கொடுக்காமல் மறுநாள் வருகிறேன் என்று திரும்புவேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக இருட்டில் இருப்பவர்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

டிரைவர்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திருகின் காடியை முழுக்க அடைக்கிற அகலத்தில் முனை இருக்க வேண்டும், கம்பி கைப்பிடிக்குள் சுற்றக் கூடாது. டெஸ்டரை டிரைவராகப் பயன்படுத்தாதீர்கள், முனை முறுக்கிக்கொண்டால் உள்ளே பல்பும் விரியும். கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழுகிற எம்.சி.பி. சுவிட்சின் திருகுகளில் நிறைய, சாதாரண ஸ்டார் இல்லை. நடுவில் இன்னொரு மெல்லிய குறுக்குக் கோடு தெரியும், போசிடிரிவ் என்பார்கள். அதற்கு அதற்கான முனைதான் போட வேண்டும். சாதாரண ஸ்டாரைப் போட்டு அழுத்தினால் வழுக்கிக் காடி மழுங்கும், திருகு முழுசாக இறுகாது. லூஸ் கனெக்‌ஷனில் எரிந்த எம்.சி.பி. நான் எத்தனையோ மாற்றியிருக்கிறேன், அதில் நிறையத் திருகுகளின் தலை இப்படி மழுங்கித்தான் இருந்தது.

ஸ்ட்ரிப்பர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். பல்லால் வயர் உரிக்கிற பழக்கம் எங்கள் தலைமுறைக்கு இருந்தது, உங்களுக்கு வேண்டாம். பிளேடால் உரித்தால் செம்பில் கீறல் விழும். சுவிட்சுக்குள் மடக்கித் திணிக்கும்போது அந்தக் கீறலில்தான் ஒடியும், ஆறு மாதம் கழித்து.

சரி, இதையெல்லாம் எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

வெள்ளத்துக்கு முன்னால் என்னிடம் ஒரே பை. எல்லாம் அதற்குள். ஒரு தரம் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 14 கிலோ. கே.கே. நகர் ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடிக்கு ஒரு டியூப்லைட் மாட்ட 14 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன். அடியில் கிடக்கும் ஸ்டார் டிரைவரை எடுக்கப் பையைக் கொட்டித்தான் ஆகவேண்டும். அந்த அலுப்பில் என்ன செய்வேன், வேண்டிய இரண்டைச் சட்டைப் பாக்கெட்டில் சொருகிக்கொள்வேன்.

அப்படி ஒரு நாள் மாடிப்படி விளக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ஹோல்டரைப் பார்க்கக் குனிந்ததும் பாக்கெட்டிலிருந்த டிரைவர் நழுவிவிட்டது. படிகளுக்கு நடுவிலுள்ள சந்து வழியாக மூன்று மாடியும் இறங்கி, தரையில் மோதிய சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கீழே ஒரு பையன், ஏழெட்டு வயது இருக்கும், பள்ளிக்கூடப் பையை முதுகில் போட்டபடி குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் டிரைவருக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான். அவன் அதை எடுத்து, நிமிர்ந்து, “அங்கிள், உங்களுதா?” என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏணியிலிருந்து இறங்கிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குப் பிறகு சட்டைப் பாக்கெட்டில் பேனாகூட வைப்பதில்லை. ஜி.பி. ரோட்டில் சீட் கவர் தைக்கிறவரிடம் போய், கித்தானில் உள் துணி கொடுத்து, இடுப்பில் கட்டுகிற மாதிரி ஒரு சின்னப் பை தைத்து வாங்கினேன். ஐந்து அறை. வலது பக்கம் முதலில் பிளேயர், தாடை கீழே, பிடி மேலே. அதற்குப் பின்னால் பட்டை டிரைவர், ஸ்டார் டிரைவர். தொட்டதும் தெரிய வேண்டும் என்பதற்காக ஸ்டார் டிரைவரின் பிடியில் மட்டும் நூல் சுற்றி வைத்திருக்கிறேன். இடது பக்கம் டெஸ்டர் தனியாக, கொஞ்சம் ஆழமான அறையில், மற்றதோடு இடிபடாமல். டேப் ஒரு கயிற்று வளையத்தில் தொங்கும். பிளேயருக்கும் டிரைவர்களுக்கும் பிடியில் ஒரு நைலான் கயிறு உண்டு, மறுமுனை பெல்ட்டில். வேலையின்போது கயிறு மாட்டிக்கொள்கிறதே என்று பையன்கள் அலுத்துக்கொள்வார்கள். முழங்கை நீளத்துக்கு மேல் கயிறு வேண்டாம், அப்போது மாட்டாது. ஒவ்வொரு அறையின் அடியிலும் விரல் நுழைகிற ஓட்டை வைக்கச் சொன்னேன். உரித்த துணுக்கும் சிமெண்ட் தூளும் அதில் கொட்டிவிடும்.

மீதிக்கு ஒரு தோள் பை. ஸ்ட்ரிப்பர், நோஸ் பிளேயர், டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர், மீட்டர் டேப், சின்னச் சுத்தியல், தலையில் கட்டும் டார்ச். ஐந்து கிலோவைத் தாண்டவிடுவதில்லை. டிரில்லிங் மிஷின், ரசமட்டம், ஹேக்சா, ஸ்பிரிங், ராவல் பிளக் டப்பா எல்லாம் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியின் முன்னால் ஒரு பெட்டியில். போய்ப் பார்த்து, என்ன வேலை என்று தெரிந்த பிறகு தேவைப்பட்டால் இறங்கி வந்து எடுத்துக்கொள்வேன். மாதத்தில் நாலைந்து தரம் வீணாக இறங்கி ஏற வேண்டியிருக்கும். தினமும் 14 கிலோ தூக்குவதை நினைத்தால் அது ஒன்றுமே இல்லை, இடுப்பு வலிக்குத் தைலம் தேய்ப்பதும் நின்றது.

முப்பத்தேழில் திரும்ப வாங்காதவை? இரண்டு கிலோ சம்மட்டி, சுவரில் காடி எடுக்க இப்போது மிஷின் வாடகைக்குக் கிடைக்கிறது. நாற்பது முனை வைத்த டிரைவர் செட், அதில் மூன்றுதான் எப்போதும் பயன்பட்டது. பைப் ரென்ச், அது பிளம்பருடையது. கட்டை அடிக்கிற உளிகள் இரண்டு, அண்ணன் கொடுத்தவை. அவை வேலைக்கு இல்லை என்றாலும் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது அவற்றுக்குத்தான் முதலில்.

இப்போது என்னோடு இருக்கும் பையன் அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தவன். கெட்டிக்காரன். போன வாரம் மழையில் டெஸ்டரை மொட்டை மாடியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டான். மறுநாள் எடுத்து, துடைத்து, ஒரு பிளக்கில் வைத்துப் பார்க்கப் போனவனை நிறுத்தினேன். “நல்லாத்தானே இருக்குண்ணா, வெளியில எல்லாம் காஞ்சிருச்சு” என்றான். தலையைத் திருகித் திறந்து, உள்ளே ஸ்பிரிங்கில் நின்ற தண்ணீரை அவன் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினேன். ஒரு சொட்டுதான். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

திங்கட்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குப் போகிறேன். டெஸ்டர் நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பிளேயரை அவனே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுக்கட்டும்.